டபிள்யூ.சி. பாலிசி இல்லை என்று வாயால் சொல்லி அனுப்பாதீர்கள்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள், ஐதராபாத், ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில், மும்பை.

கிணறு வெட்டும் கிரேன் குழுக்கள், பழைய கட்டடம் இடிப்பவர்கள், தொங்கும் சாரத்தில் பெயிண்ட் அடிப்பவர்கள் ஆகியோருக்கு 'டபிள்யூ.சி. பாலிசி' எனப்படும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு கிடைப்பதில்லை. ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வேலை செய்யும் சின்ன முதலாளிகள் இவர்கள். பணம் கட்டத் தயாராகக் கிளைக்கு வருகிறவரிடம் "இந்த வேலைக்கு எடுப்பதில்லை" என்கிறார்கள், அல்லது "மேலே அனுப்பியிருக்கிறோம், அப்ரூவல் வரவில்லை" என்று மாதக்கணக்கில் அலைய விடுகிறார்கள். ஏற்கனவே பாலிசி வைத்திருந்தவருக்கும் ஒரு க்ளைம் வந்துவிட்டால் அடுத்த ஆண்டு புதுப்பித்துத் தருவதில்லை. இதைத் தனித்தனிக் கிளைகளின் குறையாக நாங்கள் பார்க்கவில்லை. இப்படி மறுக்கப்பட்டவர் அடுத்துப் போக ஓர் இடத்தை இந்த நாட்டின் காப்பீட்டு அமைப்பு ஏற்படுத்தவே இல்லை. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. எனப்படும் அரசுத் தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. அதற்கு வெளியே நிற்பவர்களுக்குப் பொருந்திவந்தது 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். இப்போது அதை உள்வாங்கிக்கொண்ட 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயமும் அதையேதான் சொல்கிறது: வேலையின்போது, வேலையின் காரணமாக ஆள் இறந்தாலோ முடமானாலோ முதலாளி இழப்பீடு கொடுத்தாக வேண்டும். புதிய தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போய், வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், பொறுப்புக்குள் சேர்த்திருக்கிறது. பொறுப்பு இவ்வளவு பெரிதாக இருந்தும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று 1923 சட்டம் சொல்லவில்லை, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று நிறுவனங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

தொகை எவ்வளவு என்று பாருங்கள். இறப்புக்கான கணக்கு: மாத ஊதியத்தில் பாதி, பெருக்கல் சட்டத்தின் அட்டவணையில் வயதுக்கேற்பக் கொடுத்துள்ள காரணி. 2020 ஜனவரி 3ஆம் தேதி அறிவிக்கைப்படி ஊதியம் 15,000 ரூபாய் வரை கணக்கில் வரும். நாற்பது வயதுக்காரரின் காரணி 184.17. ஆக 7,500 x 184.17 = 13,81,275 ரூபாய். முப்பது வயதுக்காரர் முதுகுத்தண்டு முறிந்து நிரந்தரமாகப் படுத்துவிட்டால் ஊதியத்தில் பாதிக்குப் பதில் அறுபது சதவீதம். 9,000 x 207.98 = 18,71,820 ரூபாய். மருத்துவச் செலவு இதற்கு மேல் தனி. விபத்து நடந்த அன்றே இந்தக் கடன் விழுந்துவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1970களிலேயே பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் சொல்லிவிட்டது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் இழப்பீட்டில் பாதி வரை அபராதம். மேலே சொன்ன இறப்பில் ஓராண்டு இழுத்தால் வட்டி மட்டும் 1,65,753 ரூபாய். நில வரி பாக்கியை வசூலிப்பதுபோல் ஜப்தி செய்து வசூலிக்கலாம்.

ஒரு கிரேனும் ஒரு பழைய டிராக்டரும் மட்டுமே சொத்தாக உள்ளவரிடம் எதை ஜப்தி செய்வது? ஆணை கையில் இருக்கும், பணம் வராது. காப்பீடு இல்லாததால் முதலில் நட்டப்படுவது இறந்தவரின் குடும்பம். முதலாளி அதற்கு அடுத்துத்தான். இதை ஏதோ கான்ட்ராக்டர்களுக்குச் சலுகை கேட்கும் மனு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறோம்.

பாலிசி இல்லாத ஊரில் என்ன நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். சாவு விழுந்த வீட்டில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஒன்றோ இரண்டோ லட்சத்தைக் கையில் கொடுத்து, இருபது ரூபாய் பத்திரத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். 1923 சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி அந்தக் காகிதம் செல்லாது. 8ஆம் பிரிவுப்படி இறப்புக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. மூன்று மாத ஊதியம் வரை முன்பணமாகக் கொடுத்ததை மட்டும் கழித்துக்கொள்ளலாம். கொடுத்தவர் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார், இரண்டு ஆண்டு கழித்து நோட்டீஸ் வரும். வாங்கிய குடும்பமும் தனக்கு உரியது எவ்வளவு என்று தெரியாமலே பத்தில் ஒரு பங்குக்குக் கைநாட்டு வைத்திருக்கும்.

"டபிள்யூ.சி. கிடைக்காவிட்டால் குரூப் ஆக்சிடென்ட் பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு இருபது ரூபாயில் பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கிறதே" என்று கிளைகளில் சொல்லப்படுகிறது. அவை நல்ல திட்டங்கள்தான். ஆனால் அவை முதலாளியின் சட்டப் பொறுப்பை ஏற்பவை அல்ல. இருபது ரூபாய்த் திட்டம் இறப்புக்கு இரண்டு லட்சம் தரும். அந்தத் தொகையை ஆணையரின் உத்தரவில் கழித்துக்கொள்ள வழியில்லை. நலவாரிய உதவித்தொகைக்கும் இதே நிலைதான்.

மறுப்பைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பாலிசி எப்படியாவது பாஸ் ஆக வேண்டும் என்பதற்காகத் தொழிலை மாற்றி எழுதுவது. கணினியில் கிணறு வெட்டு என்று போட்டால் ஏற்காது, அதனால் 'பில்டிங் கான்ட்ராக்டர், சிவில் வேலை' என்று போட்டுவிடுகிறார்கள். பிரீமியம் குறையட்டும் என்று ஆறு ஆளை மூன்று ஆளாகவும், 15,000 ரூபாய்ச் சம்பளத்தை 8,000 ஆகவும் காட்டுகிறார்கள். வேலை நடக்கும் இடம் என்ற கட்டத்தில் முதலாளியின் வீட்டு முகவரி இருக்கும். குழு நிற்பதோ நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் தோட்டத்தில். துணைக் கான்ட்ராக்டரின் ஆட்களுக்கான சேர்ப்பைக் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்கள். மருத்துவச் செலவுக்கான கூடுதல் பிரிவும் இருக்காது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, வேலை ஒப்பந்தம் என்று கேட்கும்போது ஒவ்வொன்றாக அவிழ்ந்து, கடைசியில் "தகவலை மறைத்ததால் பொறுப்பு இல்லை" என்று ஒரு வரிக் கடிதம் வருகிறது. உண்மையைச் சொன்னால் பாலிசி இல்லை, பொய் சொன்னால் க்ளைம் இல்லை என்ற இந்தச் சந்தில் நேர்மையாகத் தொழில் செய்ய நினைப்பவர் எந்தப் பக்கம் திரும்புவார்?

நிறுவனங்களின் அச்சமும் எங்களுக்குப் புரிகிறது. ஆறு ஆள், 15,000 ரூபாய், பன்னிரண்டு மாதம் என்றால் ஆண்டு ஊதியம் 10,80,000 ரூபாய். பேச்சுக்கு நூற்றுக்கு மூன்று என்று ரேட் வைத்தால் பிரீமியம் 32,400. ஒரே ஒரு சாவு நாற்பத்திரண்டு ஆண்டுப் பிரீமியத்தை விழுங்கிவிடும். பதிவேடு சரியாக இல்லை, ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது, ஆபத்தான வேலை உள்ள மாதத்துக்கு மட்டும் பாலிசி கேட்கிறார்கள், விபத்து நடந்த பிறகு பெயர் சேர்க்கிறார்கள் என்பதெல்லாம் பொய்யில்லை. ஒரு நிறுவனம் தனியாக இப்படி நூறு குழுக்களை ஏற்றுக்கொள்ளத் தயங்குவதில் வணிக நியாயம் இருக்கிறது. எல்லா நிறுவனங்களும் சேர்ந்து தயங்கும்போதுதான் அது அமைப்பின் தோல்வியாகிறது.

அதே கணக்கை மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள். 32,400 ரூபாயோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 38,232. மாதம் 26 வேலை நாள் என்று வைத்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது ரூபாய் சொச்சம். ரேட் இரட்டிப்பானாலும் நாற்பது ரூபாய். கிணற்று வேலைக்கு அடிக்கணக்கில்தான் ரேட் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் இந்தத் தொகையைச் சேர்த்துக்கொள்ள முடியும். பிரீமியம் கட்டுபடியாகாது என்பது பிரச்சினையே இல்லை. கட்டுவதற்குக் கவுன்ட்டர் இல்லை என்பதே பிரச்சினை.

இந்த நாட்டுக்கு இது தெரியாத வித்தையும் அல்ல. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு கொடுக்கும் மறுகாப்பீட்டுச் சந்தை பயங்கரவாத இழப்பைக் கைவிட்டபோது, 2002இல் நிறுவனங்கள் சேர்ந்து இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு பூல் அமைத்தன. அணு உலைப் பொறுப்புக்கு 2015இல் 1,500 கோடி ரூபாய் அளவில் பூல் வந்தது. வணிக வாகனங்களின் மூன்றாம் நபர் காப்பீட்டை நிறுவனங்கள் தட்டிக்கழித்தபோது 2007இல் ஒரு பொதுப் பூல், அது நட்டத்தில் மூழ்கியதும் 2012 ஏப்ரலில் மறுக்கப்பட்ட வண்டிகளுக்கு மட்டுமான பூல் என்று நீங்களே கொண்டுவந்தீர்கள். கிரேனை ஏற்றிப்போகும் லாரிக்கு எந்த நிறுவனமும் மூன்றாம் நபர் காப்பீடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த லாரி வழியில் ஒருவர் மீது மோதினால் அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உறுதி. அதே கிரேன் கிணற்று மேட்டில் நிற்கும்போது வடம் அறுந்து உள்ளே நிற்பவர் மீது தொட்டி விழுந்தால் அவர் குடும்பத்துக்கு அந்த உறுதி இல்லை. ஆபத்தான பொருளைக் கையாளும் நிறுவனங்களுக்கு 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் பாலிசியைக் கட்டாயமாக்கியது. அதிலும் 'தொழிலாளி நீங்கலாக' என்றே எழுதப்பட்டிருக்கிறது. வெளியாளுக்குக் கட்டாயம், உள்ளே உழைப்பவனுக்கு விருப்பம் என்ற இந்த வரிசை எங்களுக்கு ஏற்கவே முடியாததாக இருக்கிறது.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு முதலாளிக்குக் கட்டாயம். கட்டாயம் என்று வைத்த பிறகு மறுக்கப்பட்டவரைத் தெருவில் விட முடியாது என்பதால், கலிபோர்னியாவும் நியூயார்க்கும் 1914இலேயே அரசு நிதியங்களை அமைத்தன. வேறு பல மாநிலங்களில் ஒதுக்கீட்டு முறை உண்டு: நிறுவனங்கள் மறுத்ததைக் காட்டி முதலாளி பொது அமைப்பிடம் விண்ணப்பிப்பார், அது ஒரு நிறுவனத்திடம் அவரை ஒப்படைக்கும், லாப நட்டத்தை எல்லா நிறுவனங்களும் சந்தைப் பங்கின்படி பகிர்ந்துகொள்ளும். பிரீமியம் வெளிச்சந்தையைவிட அதிகமாகவே இருக்கும், ஆனால் கதவு மூடாது. அங்கே ரேட்டை அரசியலுக்காகச் செலவுக்குக் கீழே பிடித்து வைத்த இடங்களில் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இந்த அமைப்புகள் வீங்கி நட்டத்தில் விழுந்தன. நம் வாகனப் பூலின் அனுபவமும் அதுவே. ஆகவே சலுகை விலை நாங்கள் கேட்கவில்லை. ஆபத்துக்கேற்ற விலையில், கிடைக்கும் என்ற உறுதியைக் கேட்கிறோம்.

ஆபத்தை அளக்க முடியாது என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். கிணற்று வேலையில் ஆளைக் கொல்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, எல்லாமே கண்ணால் பார்த்துச் சோதிக்கக்கூடியவை. வடத்தை எடுத்துக்கொள்வோம். கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் சொல்வது: வடத்தின் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குள், கண்ணுக்குத் தெரியும் அறுந்த கம்பிகள் மொத்தக் கம்பிகளில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்த வடத்தைத் தூக்குவதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஆறு புரி, புரிக்கு 19 கம்பி கொண்ட 12 மி.மீ. வடம் என்றால் மொத்தம் 114 கம்பி. 96 மி.மீ. நீளத்துக்குள், அதாவது ஏறக்குறைய நான்கு அங்குலத்துக்குள், பன்னிரண்டு கம்பி அறுந்திருந்தால் அந்த வடம் முடிந்தது. பழந்துணியால் வடத்தைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் அறுந்த முனை துணியில் மாட்டும். அங்கே நிறுத்தி எண்ண வேண்டியதுதான். பெரும்பாலும் தேய்மானம் உருளையில் சுற்றும் முதல் இரண்டு சுற்றிலும், தொட்டிக் கொக்கிக்கு மேலே உள்ள ஒரு முழத்திலும்தான் இருக்கும். கால் மணி நேர வேலை.

பிறகு டிரம்மின் பிரேக், நழுவாமல் பிடிக்கும் பல், கொக்கியின் பூட்டு. தொட்டி மேலேறும்போதும் இறங்கும்போதும் கீழே இருப்பவர் ஒதுங்கி நிற்கத் தடுப்பு. கிணற்று விளிம்பிலிருந்து தள்ளிக் கொட்டப்படும் மண்ணும் கல்லும். காற்று இன்னொன்று: பாழ்கிணற்றிலோ வெடி வைத்த கிணற்றிலோ ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. கிணற்றுக்குள் டீசல் எஞ்சினை இறக்கித் தண்ணீர் இறைத்தால் வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே விழுவார். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. கையடக்கக் காற்றுமானி காட்டும். வெடி வைப்பவருக்கு உரிமம் இருக்கிறதா என்பது ஒரு காகிதச் சோதனை. உரிமம் இல்லாத வெடிக்குக் காப்பீடு கொடுங்கள் என்று நாங்கள் ஒருபோதும் கேட்க மாட்டோம்.

இவ்வளவையும் ஒரே பக்கப் படிவத்தில் எழுதிவிடலாம். பாலிசி கொடுக்கும் நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை ஆள் அனுப்பிப் பார்த்தாலே, இன்று யாரும் எட்டிப்பார்க்காத ஒரு தொழிலுக்குள் முதல்முறையாகப் பாதுகாப்புச் சோதனை நுழையும். காப்பீட்டை மறுப்பதால் வேலை நிற்பதில்லை. அதே கிணறு அதே வடத்தோடு வெட்டப்படுகிறது, சோதிக்க ஆளில்லாமல்.

ஆபத்தான தொழில் என்று அறிவிக்கை செய்தால் ஒரே ஆள் இருக்கும் இடத்தையும் ஈ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவரப் புதிய தொகுப்பு வழி வைத்திருக்கிறது. அது முழுமையாக வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் வாரத்துக்கு ஓர் ஊர் மாறும் குழுவை அதற்குள் கொண்டுவருவதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை கிணற்றுக்குள் இறங்குகிறவர்கள் காத்திருக்க முடியாது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

மறுப்பு எழுத்தில் வர வேண்டும். உங்கள் 2017ஆம் ஆண்டு விதிமுறைகளே விண்ணப்பத்தின் மீதான முடிவை 15 நாட்களுக்கு மிகாமல் எழுத்துமூலம் தெரிவிக்கச் சொன்னன. நடைமுறையில் விண்ணப்பத்தையே வாங்காமல் வாய்வார்த்தையில் திருப்பி அனுப்புவதால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. ஆகவே டபிள்யூ.சி. விண்ணப்பம் எதுவாக இருந்தாலும் கிளையில் வாங்கி, தேதியிட்ட ஒப்புகை கொடுத்தே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் அதை மறுப்பு என்றே கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டு நிறுவனங்கள் மறுத்த முதலாளியை ஏற்க, எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் சந்தைப் பங்கின்படி பொறுப்பேற்கும் 'மறுக்கப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுப் பூல்' ஒன்றை அமையுங்கள். ஒப்படைக்கப்பட்ட நிறுவனம் பாலிசியைக் கொடுத்து, சோதனை நடத்தி, க்ளைமையும் கவனிக்க வேண்டும். ஒரு பங்கு நட்டத்தைத் தானே தாங்கவும் வேண்டும். எல்லாவற்றையும் பூலின் தலையில் கட்டிவிட்டால் சோதிக்கும் அக்கறை போய்விடும் என்பதை 2007 பூலிலேயே பார்த்தாயிற்று.

ரேட்டைத் தொழில்வாரியாக, செலவுக்குக் குறையாமல் நிர்ணயித்து வெளியிடுங்கள். கிணறு வெட்டு, இடிப்பு, உயர வேலை என்ற தலைப்புகள் விண்ணப்பப் படிவத்திலும் கணினியிலும் அதே பெயரில் இருக்க வேண்டும். இரண்டு சோதனைகளில் தேறிய குழுவுக்கு அடுத்த ஆண்டு கூடுதல் கட்டணத்தைக் குறையுங்கள். க்ளைம் வந்தால் ரேட்டைக் கூட்டுங்கள், பாலிசியை நிறுத்தாதீர்கள்.

இடம் மாறும் குழுக்களுக்கென்று ஒரு பாலிசி வாசகம் வேண்டும். தமிழ்நாடு முழுவதும் வேலையிடம் என்று ஏற்று, ஊர் மாறும் முன் ஒரு குறுஞ்செய்தி, ஆள் இறங்கும் முன் அன்றைய மஸ்டர் ரோலின் போட்டோ என்று பதிவு வைக்கச் சொன்னால் போதும். நேரம் குறித்த அந்தப் படம் பின்னால் பெயர் சேர்க்கும் மோசடியையும் அடைத்துவிடும். துணைக் கான்ட்ராக்டரின் ஆட்களும், வரம்போடு மருத்துவச் செலவும், தாமத வட்டியும் அடிப்படைப் பாலிசியிலேயே இருக்கட்டும். அபராதம் முதலாளியுடையது, அதை அவரே சுமக்கட்டும்.

எத்தனை விண்ணப்பம் வந்தது, எந்தத் தொழிலில் எத்தனை மறுக்கப்பட்டது, எத்தனை க்ளைம் எந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டது என்று நிறுவனவாரியாக ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லுங்கள். டபிள்யூ.சி. பிரீமிய வரவை நிறுவனங்கள் தனி வரியாகவே கணக்குக் காட்டுகின்றன. திருப்பி அனுப்பியவர்களின் எண்ணிக்கையும் அந்த வரிக்குக் கீழே வர வேண்டும்.

பாலிசித் தாளின் முதல் பக்கத்தைத் தமிழில் தரச் சொல்லுங்கள். தொழிலின் பெயர், ஆள் எண்ணிக்கை, சொல்லப்பட்ட சம்பளம், வேலையிடம், விபத்து நடந்தால் யாருக்கு எத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும் என்ற ஐந்தும் அதில் இருந்தால், தவறாக எழுதப்பட்டது கையெழுத்துப் போடும்போதே முதலாளியின் கண்ணில் படும்.

பூல் அமைக்க ஆறு மாதம், எழுத்துமூல மறுப்புக்கான சுற்றறிக்கைக்கு முப்பது நாள் என்று கேட்கிறோம். இரண்டாவதற்குச் சட்டத் திருத்தமோ நிதியோ வேண்டாம், உங்கள் கையெழுத்து ஒன்று போதும். முடியாது என்றால் அதையும் காரணத்தோடு எழுத்திலேயே தெரிவியுங்கள்.